எயினிக்கு இருபது வயது

லிஃப்ட்டுக்குள் நுழைந்ததும் நளாயினியின் குரல் நளாயினியிடமே எந்த மாடி என்று கேட்டது. பதில் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் நின்ற கூரியர்காரரிடம் நான்கு விரலைக் காட்டினாள். அவர் இவளை ஊமை என்று நினைத்துக்கொண்டு, ரொம்பப் பரிவாக, "நாலு" என்று லிஃப்ட்டுக்குச் சொன்னார். "நான்காம் தளம். நன்றி, வீரரே" என்றது லிஃப்ட்.

அவள் ஊமை இல்லை. நேருக்கு நேர் நின்று யாரோடும் பேசலாம், சண்டை போடலாம், கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசலாம். குறுக்கே மைக் என்று ஒன்று வந்துவிட்டால்தான் வினை. போன், லிஃப்ட், ஆட்டோ, வங்கி, ஆஸ்பத்திரி வாசல் என்று மைக் இல்லாத இடம் இந்தச் சென்னையில் இப்போது எது? அதில் அவள் வாயைத் திறந்தால், "இது தளபதி எயினியின் பதிவு செய்யப்பட்ட குரல். அனுமதியின்றிப் பயன்படுத்துவது குற்றம்" என்று அறிவித்துவிட்டு இணைப்பு அறுந்துவிடும். அறிவிப்பும் அவள் குரலிலேயே வரும். இந்தக் கொடுமையை யாரிடம் போன் போட்டு அழுவது?

'வளையம் தாண்டி' தொடரைப் பார்க்காத வீடு அந்தக் காலத்தில் இல்லை. சனிக் கோளின் வளையங்களுக்கு அப்பால் ஒரு விண்கலம், அதன் தலைவி தளபதி எயினி. எயினியின் முகம் வடக்கிலிருந்து வந்தது, தமிழ் ஓர் எழுத்து தெரியாத முகம். குரல் சாலிகிராமத்து டப்பிங் தியேட்டரில் நளாயினி கொடுத்தது. தொடர் முடிந்த அன்று கேக் வெட்டினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அமளியில் நீட்டிய ஒப்பந்தத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள். எயினியின் குரல் நிறுவனத்தின் பெயரில் பதிவாயிற்று. போகட்டும், இனிமேல் எயினி எங்கே பேசப்போகிறாள் என்று நினைத்தாள்.

அதற்கப்புறம்தான் யந்திரங்கள் கலைஞர்களின் குரலைத் திருட ஆரம்பித்தன. டப்பிங் சங்கம் கொதித்து எழுந்தது. குரல் காப்புச் சட்டம் வேண்டும், பதிவு செய்த குரலை வேறு யாரும் எடுக்கக்கூடாது என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட்டவள் நளாயினி. சட்டம் வந்தது. லட்டு கொடுத்தார்கள். லட்டு தின்று கை கழுவிய பிறகுதான், குரல் யார் தொண்டையில் இருக்கிறது என்று சட்டம் கேட்கவில்லை, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே கேட்கிறது என்பது புரிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்த வேலியைத் தன் கையாலேயே நட்டிருந்தாள், பாவி.

சட்டம் வந்த அடுத்த கோடையில் அவள் கணவர் செல்வநாயகம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நளாயினி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அறுந்தது. மறுபடி செய்தாள். தளபதி எயினியின் குரலைப் பயன்படுத்துவது குற்றம் என்று அவளுக்கே சொன்னது. எழுத்தில் அடித்து, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, வண்டி வந்து சேர்ந்தபோது அவர் போயிருந்தார். பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டு அவசர எண்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. நல்ல திருத்தம்தான். செல்வநாயகத்துக்குத்தான் அது உதவவில்லை.

மிச்சம் இருப்பது ஒரே மகள், நிறைமதி. அவள் நிலாவில் இருக்கிறாள். அங்கே சுரங்க நிலையத்தில், பாரந்தூக்கி யந்திரத்துக்கு வழி சொல்லும் வேலை. காற்றில்லாத வெளியில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் இடது, நிறுத்து, இறக்கு" என்று மைக்கில் சொல்லச் சொல்ல, பின்னால் இருப்பவர் யந்திரத்தை நகர்த்துவார். மூன்று வருஷத்துக்கு என்று போனவள் நீட்டித்து நீட்டித்து அங்கேயே தங்கிவிட்டாள். அவள் எலும்பு இனிப் பூமியின் பாரத்தைத் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நளாயினியின் வயதில் அங்கே போகவும் விடமாட்டார்கள். அம்மாவும் பெண்ணும் நேரில் நின்று பேசும் நாள் இனி இந்த ஜன்மத்தில் இல்லை. இருப்பது போன் ஒன்றுதான். அதில் மதி பேசுவாள், நளாயினி கேட்பாள். பதிலை எழுத்தில் அடிப்பாள். அதை அங்கே அரசாங்கத்தின் பொதுக்குரல் படித்துக்காட்டும். 'சாப்பிட்டியாடி கண்ணு' என்பதை அது ரயில் வருகை அறிவிப்பு மாதிரி சொல்லும்.

"ம்மா, உன் குரலே எனக்கு மறந்துடும்போல இருக்கு" என்றாள் மதி ஒருநாள். "இங்க கேன்டீன்ல எயினி விளம்பரம் ஓடும். அங்கேயே நின்னு கேப்பேன். ஆனா அது நீ இல்லையே. அது என்னை மதின்னு கூப்பிடாதே."

அன்றிலிருந்து நளாயினிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். தன் குரலில், தன் வாயால், மகளோடு ஒரு தடவை பேசிவிட வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. ஒரு பாத்திரத்துக்கு ஒரு குரல்தான் பதிவில் இருக்கலாம் என்பது சட்டம். எயினிக்குப் புதிய குரல் ஒன்று பதிவானால் பழையது தானாகக் காலாவதியாகும். எயினியின் இளமைக் காலத்தைச் சொல்லும் முன்கதைத் தொடர் எடுக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தபோது நளாயினி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். முன்கதை வரவில்லை. அடுத்த வருஷமும் அறிவித்தார்கள், சுவரொட்டிகூட வந்தது. அதற்கடுத்தும் அறிவித்தார்கள். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை மட்டும் வந்துகொண்டே இருந்தது, ஆனையைக் காணோம். இளசுகள் எயினி படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு நிறுவன வாசலில் நின்று எப்போது, எப்போது என்று கேட்டன. அந்த இளசுகளைவிட அதிகமாகக் காத்திருந்த கிழவி ஒருத்தி சாலிகிராமத்தில் இருப்பது யாருக்கும் தெரியாது.

இன்று நிறுவனத்திலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்காகத்தான் அந்த நான்காம் மாடி.

ஆல்வின் என்ற அதிகாரி அவளுக்குக் காபி வரவழைத்தான். தங்கமான பையன். அவன் வயதுக்கு எயினியைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பான்.

"இந்தத் தடவை நிஜமாவே எடுக்கிறோம் மேடம்" என்றான். "முகம் ரெடி, கதை ரெடி. குரல்லதான் இடிக்குது. யந்திரத்தை வெச்சு உங்க குரலை இளமையாக்கிப் பாத்தோம். ரசிகர்கள் கிட்ட போட்டுக் காட்டினா, செத்த குரல்னு காறித் துப்பிட்டாங்க."

"வேற யாராவது சின்னப் பொண்ணு?"

"அதுவும் பாத்தாச்சு. எயினி இல்லைங்கறாங்க. எயினி மாதிரியே இருக்கணும், ஆனா இருபது வயசா இருக்கணும். நீங்களே செஞ்சு பாருங்களேன். வந்துடுச்சுன்னா அடுத்த மாசமே அறிவிப்பு. வரலைன்னா," என்று கையை விரித்தான், "மறுபடி கிடப்புலதான்."

"என் பழைய குரல்?"

"புதுசு பதிவான அன்னிக்கே உங்களுக்கு விடுதலை மேடம். சட்டப்படி."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆல்வின் டிஷ்யூ பெட்டியைத் தள்ளினான்.

அழுதுவிட்டு வந்தாயிற்று, இருபது வயது எங்கே இருக்கிறது? நளாயினிக்கு ஐம்பத்தெட்டு. வீட்டுக்குள் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். குரலின் உயரத்தைக் கூட்டினால் கீச்சென்று நாடகக் கிழவி மாதிரி இருந்தது, குறைத்தால் பழைய எயினியே வந்து நின்றாள். சுக்கு, மிளகு, அதிமதுரம் எல்லாம் வாயில் போட்டுப் பார்த்தாள். தொண்டை எரிந்ததுதான் மிச்சம். டப்பிங்காரர்களுக்கு இதற்கு ஒரு பழைய வழி உண்டு. வராத குரலை வெட்டவெளியில் தேடக்கூடாது. அந்த வயதில், அந்தச் சுபாவத்தில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்று கேட்டு, அவரைத் தொண்டைக்குள் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். நளாயினி தன் தொழில் காலம் முழுவதும் அப்படித்தான் செய்தாள். கீரைக்காரம்மாவும் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸும் அவள் வழியாகச் சினிமாவில் பேசியிருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

இந்தத் தடவை யாரைப் பிடிப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை.

"நானா?" என்று நிலாவிலிருந்து சிரித்தாள் மதி. அவள் சிரிப்பு வந்து சேர எப்போதும் ஒரு மூச்சு நேரம் தாமதமாகும். "எனக்கு நடிக்கல்லாம் வராதும்மா."

நடிக்க வேண்டாம், சும்மா படி என்று அடித்தாள் நளாயினி.

மதி படித்தாள். பூமியை விட்டுக் கிளம்பும் இருபது வயது எயினி வீட்டாரிடம் சொல்லும் வசனம். பேசத் தொடங்குமுன் மெல்ல 'ம்' என்று ஒரு முனகல், வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாதி விழுங்குவது, அழுகை வரும் இடத்தில் சிரித்துவிடுவது. பெற்றவளுக்குத் தெரியாதா? முப்பது வயதை நெருங்கும் பெண்தான், ஆனாலும் குரலில் அந்த இருபது அப்படியே பச்சையாக இருந்தது. நளாயினி திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். வேலை முடிந்து களைத்து வரும் மகள் தினமும் அலுக்காமல் படித்தாள். போனை வைத்துவிட்டு, இருட்டும்வரை நளாயினி சமையலறையில் நின்று மதியாகவே பேசிக்கொண்டிருப்பாள். மதியாகத் தன்னையே அதட்டிக்கொள்வாள், உப்புப் போதவில்லை என்று குறை சொல்வாள். பல வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் இருப்பது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஒலிப்பதிவுக்குப் பழைய ஒலிப்பதிவாளர் தேவசகாயமே வந்திருந்தார். நிறுவனத்தின் தியேட்டர் என்பதால் அங்கே அவள் மைக்கில் பேசலாம். டப்பிங் தியேட்டர் வழக்கப்படி மைக்குக்குக் கற்பூரம் காட்டினார்கள். முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். வெற்றி என்பார்கள் சிலர், முருகா என்பார்கள் சிலர். நளாயினி கண்ணை மூடிக்கொண்டு, "நிறைமதி" என்றாள், நிறைமதியின் குரலில்.

தேவசகாயம் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கா இது உள்ள?"

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காவா? திரும்பி நின்னு கேட்டா எங்க வீட்டு மருமகதான் பேசறான்னு நெனச்சுடுவேன். எங்க புடிச்சீங்க?"

"அது தொழில் ரகசியம்பா" என்று சிரித்தாள். "நீ சொல்லு, இந்த யந்திரம் என்ன பாத்துக் குரலைப் பதிவு பண்ணுது? உசரத்தையா?"

"அதெல்லாம் பழைய காலம்க்கா. இது தொண்டையோட அச்சை எடுத்துக்கும். அதோட மூச்சு வாங்கற விதம், இழுக்கற விதம், தோரணை மொத்தமும் சேத்து ஒரே வார்ப்பா வார்த்துடும். அப்புறம் அந்த ஆள் இருமினாக்கூட கண்டுபுடிச்சுடும்."

"அப்போ சுத்தமா செய்யணும்" என்றாள் நளாயினி.

சுத்தமாகத்தான் செய்தாள். கிளம்பும் காட்சியில் 'அழாதீங்க' என்ற சொல்லைப் பாதி விழுங்கிவிட்டுச் சிரித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு இடத்தில் அவளுடைய சொந்தத் தோரணை எட்டிப் பார்த்தது. அதையும் விடாமல் மறுபடி பேசித் திருத்தினாள். ஆல்வின் ஓடிவந்து காலில் விழுந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று அந்தக் காலத்திலேயே பாடி வைத்திருக்கிறார்கள். கெடுகிற நேரத்தில் நுணலுக்கு அது ஞாபகமா வரும்?

அறிவிப்பு வந்தது. ஊரே அமளிதுமளிப்பட்டது. முன்னோட்டத்தில் இருபது வயது எயினி பேசப் பேச, இளசுகள் தெருவில் வெடி கொளுத்தின. அன்று காலையே நளாயினிக்கும் சேதி வந்துவிட்டது. எயினியின் புதிய குரல் பதிவாகிவிட்டது, பழைய பதிவு ரத்து, இனி அந்தக் குரல் அவளுடையது.

அவள் முதலில் தன் குடியிருப்பு லிஃப்ட்டில் போய்ப் பேசிப் பார்த்தாள். "தரைத்தளம்" என்றாள். லிஃப்ட் மறுபேச்சில்லாமல் இறங்கியது. மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். வாட்ச்மேன் இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். மதி ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்துக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, போன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. எடுத்தாள்.

"மதி" என்றாள். "கண்ணு, அம்மாடி. அம்மாதான் பேசறேன்."

இணைப்பு அறுந்துபோகவில்லை. தன் குரல் தன் வாயிலிருந்து கிளம்பி நிலாவுக்குப் போவதை அவள் உடம்பு முழுக்க உணர்ந்தாள். அந்த ஒரு மூச்சு நேரம் கழிந்தது. மெல்ல 'ம்' என்ற முனகல் கேட்டது. மகள் பேச வாயெடுக்கிறாள். உடனே கணீரென்று இளமையான ஒரு குரல் குறுக்கே வந்தது.

"இது தளபதி எயினியின் பதிவு செய்யப்பட்ட குரல். அனுமதியின்றிப் பயன்படுத்துவது குற்றம்."

இணைப்பு அறுந்தது.

நளாயினி கோளாறு என்று நினைத்தாள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அதே 'ம்', அதே அறிவிப்பு. மூன்றாம் முறை 'ம்' வரவில்லை. அரசாங்கத்தின் பொதுக்குரல் வந்தது. மகள் எழுத்தில் அடித்திருந்தாள்.

"அம்மா உன் குரல் கேட்டது," என்றது பொதுக்குரல். "எனக்குக் காலையிலிருந்து பேச முடியவில்லை. வெளியே போனேன். ஹெல்மெட்டில் என் குரல் போகவில்லை. நிறுத்து என்று சொன்னது யந்திரக்காரருக்குக் கேட்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிடங்கில் தனியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இது என்ன?"

அது என்ன என்று நளாயினிக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் போயிருக்கலாம். வயிற்றில் அடித்துக்கொண்டு, கட்டிய புடவையோடு தேவசகாயத்தின் வீட்டுக்கு ஓடினாள்.

தேவசகாயம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "அக்கா, அம்மாவுக்கும் பொண்ணுக்கும் தொண்டை அச்சு கிட்டத்தட்ட ஒண்ணுதான். பேசற தோரணைதான் இத்தனை நாளா உங்களைப் பிரிச்சு வெச்சிருந்துச்சு. நீங்க அதையும் அழிச்சிட்டீங்க. யந்திரத்துக்கு இப்ப உங்க பொண்ணுதான் எயினி."

"உனக்கு அன்னிக்கே தெரியாதா?"

"உங்க பொண்ணு குரல்னு நீங்க சொல்லலையேக்கா."

சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தேவசகாயத்தின் மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆல்வின் எதையும் மறைக்கவில்லை. உண்மையிலேயே வருந்தினான், அதுதான் இன்னும் கொடுமை.

"பதிவு உங்க தொண்டையில இருந்து, உங்க சம்மதத்தோட ஆனது மேடம். சட்டத்தோட கண்ணுல உங்க பொண்ணுதான் இப்ப எயினி மாதிரி பேசறாங்க."

"அவ பொறந்ததுலேருந்து அப்படித்தான்டா பேசறா."

"வழக்குப் போடலாம். தன்னோட குரல்தான்னு அவங்க வந்து பேசி வாக்குமூலம் கொடுக்கணும்."

"அவளால பூமிக்கு வர முடியாது."

"லைன்ல கொடுக்கலாம்," என்று ஆரம்பித்தவன் தானே நிறுத்திக்கொண்டான். லைனில் அவள் பேசினால்தான் அறுந்துவிடுமே.

நளாயினி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "புதுசா இன்னொரு குரல் பதிவானா இது ரத்தாகும் இல்ல? எயினியோட குழந்தைப் பருவம் இருக்கே, அதை எடுங்களேன். நான் வந்து உங்க ஆபீஸைப் பெருக்கித் துடைச்சிட்டுப் போறேன். எடுங்கப்பா."

"முன்கதைக்கு முன்கதையா?" என்றான் ஆல்வின் மெதுவாக. "அதை யார் மேடம் பாப்பாங்க? இதோட எயினி கதை முடியுது. இனிமே எடுக்கற உத்தேசமே இல்லை. உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது."

அவள் எழுந்து வந்தாள். லிஃப்ட் எந்த மாடி என்று கேட்டது. அதற்குள் லிஃப்ட்டிலும் குரலை மாற்றிவிட்டிருந்தார்கள். மதி கேட்கிறாள், கடைசிச் சொல்லைப் பாதி விழுங்கி. நளாயினி லிஃப்ட்டை விட்டு வெளியே வந்தாள். படியிறங்கி நடந்து போனாள்.

சாயங்காலம் போன் மணி அடித்தது.

நளாயினி தொண்டையைச் செருமிக்கொண்டாள். தளபதி எயினி ஒரு கலம் முழுக்கச் சாகக் கிடந்தவர்களுக்கு நம்பிக்கை சொல்வாள். அதையெல்லாம் ஒரே டேக்கில் பேசியவள் நளாயினி. அந்தக் குரல் இப்போது முழுசாக அவளுடையது. அதில் ஒரு நடுக்கம்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"மதி, அழுவாதடி. அம்மா ஆபீஸ்ல போய்ப் பேசிட்டேன். எயினியோட சின்ன வயசுக் கதையை எடுக்கப் போறாங்களாம். அடுத்த வருஷமே. அது வந்ததும் உன் குரல் உனக்கு வந்துடும்."

நிலா ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தது. பிறகு பொதுக்குரல், "அப்படியா அம்மா, நிஜமாகவே எடுக்கிறார்களா" என்றது. அந்தக் குரலில் கேள்விக்கும் அழுகைக்கும் வித்தியாசம் கிடையாது. மகள் நம்பிவிட்டாளா, அம்மாவுக்காக நம்பியதுபோல் காட்டுகிறாளா என்று கண்டுபிடிக்க நளாயினிக்கு வழியில்லை.

"எடுக்கிறாங்கடி கண்ணு," என்றாள். "முகத்தைக்கூடப் பாத்து வெச்சாச்சாம்."